புடவை கட்டிய குண்டு மிஷின்

எங்கள் கம்பெனியில் சந்தோஷத்துக்கென்று ஒரு கமிட்டி இருந்தது. ஹைதராபாத்தில் மாதாபூர் பக்கம் வாரத்துக்கொரு கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த காலம். சனி ஞாயிறு பாராமல் வேலை வாங்கிவிட்டு, ஒரு மூலையில் கலர் கலராக மெத்தைகளைப் போட்டு, இங்கே வந்து இளைப்பாறுங்கள் என்று எல்லோருக்கும் மெயில் அனுப்புவார்கள். இளைப்பாற நேரமிருந்தால் வீட்டுக்கே போயிருப்போமே என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. என்னையும் அந்தக் கமிட்டியில் போட்டுவிட்டார்கள்.

அப்படித்தான் அந்த மூலைக்கு விளையாட்டுச் சாமான் வாங்க ஒரு மதியம் ஆபீஸ் காரில் நாச்சாரம் போனேன். பழைய விளையாட்டுச் சாமான்களை வாங்கி விற்கும் ஒருவர் அங்கே தகரக் கொட்டகை வைத்திருந்தார். கேரம் போர்டு, கால்பந்து மேசை, உடைந்த குதிரை ராட்டினம் எல்லாம் இருந்தன. நான் வந்த வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன். சுவரோரம் சாக்கு மூட்டைகளுக்கு அடியில் ஒரு நீள மேசை தெரிந்தது. அதன் தலைமாட்டில் நின்ற கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு யாரோ தூசியைத் துடைத்திருந்தார்கள். அந்த இடத்தில் ஆரஞ்சு நிறப் புடவை கட்டிய ஒரு வெள்ளைக்காரி கைகளை முன்னால் நீட்டித் தண்ணீரில் பாய்ந்துகொண்டிருந்தாள்.

உலகத்தில் எத்தனையோ குண்டு மிஷின்கள் இருக்கலாம். புடவை கட்டிக்கொண்டு நீச்சல் அடிக்கிற வெள்ளைக்காரி ஒரே மிஷினில்தான் இருந்தாள். நான் அப்படியே ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த பையன் என்ன ஆச்சு மேடம் என்று கேட்டான். ஒன்றுமில்லை, இது எங்கள் ஊர்க்காரி என்று சொன்னேன்.

பின்பால் என்பது அதன் சரியான பெயர். எங்கள் காலனியில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது குண்டு மிஷின். அப்பா ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸுக்கு நடுவில் ஒரு கிளப். எண்பதுகளின் தொடக்கத்தில் யாரோ ஒரு பெரிய அதிகாரி விசாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த அந்த மிஷினை வாங்கிக் கிளப்புக்குக் கொடுத்தார். கப்பல்காரர்கள் விளையாடியது. ஒரு கம்பியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே பாயும். காளான் மாதிரி நிற்கும் குமிழ்களில் முட்டி முட்டிக் கீழே உருண்டு வரும். கீழே இரண்டு சின்னக் கைகள். இரண்டு பக்கமும் இருக்கும் பொத்தானை அமுக்கினால் அந்தக் கைகள் குண்டை மேலே தட்டிவிடும். தட்டத் தவறினால் குண்டு ஓட்டைக்குள் போய்விடும். இவ்வளவுதான் ஆட்டம். இவ்வளவுக்கும் மணி அடிக்கும், விளக்கு எரியும், எண்கள் கடகடவென்று உருளும்.

வந்த மறு வாரமே பிரச்சினை கிளம்பியது. தலைமாட்டுக் கண்ணாடியில் மூன்று வெள்ளைக்காரிகள் நீச்சல் உடையில் பாய்ந்துகொண்டிருந்தார்கள். குடும்பங்கள் வந்துபோகிற இடத்தில் இதென்ன அசிங்கம் என்று கிளப் கமிட்டியில் பேச்சு வந்தது. மிஷினைத் திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை. கடைசியில் தொழிற்சாலைக்குப் போர்டு எழுதுகிற பெயின்டரைக் கூப்பிட்டு, மூவருக்கும் கண்ணாடியின் மேலேயே புடவை கட்டிவிடச் சொன்னார்கள். அவர் ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று ஆளுக்கொரு நிறம் கொடுத்து, பார்டரும் போட்டு, தன் சொந்தப் பொறுப்பில் பொட்டும் வைத்துவிட்டார். பாய்கிற வேகத்தில் ஒரு முந்தானைகூட விலகவில்லை. காலனி மானம் காப்பாற்றப்பட்டது.

கிளப்பில் மாலையெல்லாம் ஆண்கள் கூட்டம். புதன்கிழமை மதியம் மட்டும் லேடீஸ் நேரம். மூன்று மணிக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள். ஷிப்ட் சங்கு ஊதி ஆண்கள் திரும்புவதற்குள் பெண்கள் காலி செய்துவிட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன். பினாயில் வாசனையும், யாரோ டப்பாவில் கொண்டு வந்த முறுக்கு வாசனையும், ஜன்னல் வழியாக வரும் வேப்பம்பூ வாசனையும் கலந்த அந்த ஹால் எனக்கு இப்போதும் கண்ணை மூடினால் வரும். பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து ஒயர் கூடை பின்னுவார்கள், கூப்பிடுகிற எண்ணைச் சீட்டில் அடிக்கிற தம்போலா ஆடுவார்கள். தெலுங்கு, தமிழ், மலையாளம், ஹைதராபாத் ஹிந்தி எல்லாம் ஒரே பாயில் புரளும்.

என் அம்மாவுக்கு ஒயர் கூடையும் பிடிக்காது, தம்போலாவும் பிடிக்காது. அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவளுக்குப் பொறுமை என்பது சுட்டுப் போட்டாலும் வராது. எண்ணைக் கூப்பிடுகிற வரைக்கும் வாய் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் ஒரு நாள் எழுந்து போய் குண்டு மிஷினின் கம்பியை இழுத்தாள். அடுத்த புதனும் இழுத்தாள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அவள் ஆடத் தொடங்கினால் பாயிலிருக்கும் அத்தனை பேரும் எழுந்து வந்து சுற்றி நிற்கும்படி ஆயிற்று.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள். கண் குண்டை விட்டு அகலாது. கை பொத்தானில் இருக்கும், ஆனால் ஆட்டம் முழுக்க இடுப்பில்தான். குண்டு தப்பிப் போகப் பார்க்கும்போது மிஷினின் ஓரத்தில் இடுப்பால் மெல்ல ஒரு இடி இடிப்பாள். கொஞ்சம் பலமாக இடித்தாலும் மிஷின் கோபித்துக்கொண்டு விளக்கையெல்லாம் அணைத்து ஆட்டத்தை முடித்துவிடும். காலனி ஆண்கள் எல்லோரும் இந்தக் கோபத்துக்கு ஆளானவர்கள். அம்மாவிடம் அது கோபித்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. வீட்டில் சட்னி அரைக்கும்போதும் எங்களைத் திட்டும்போதும் பார்க்கிற அம்மா இல்லை அது. எனக்கு அவளை அப்படிப் பார்க்கப் பெருமையாக இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

அந்த வருஷம் கிளப் ஆண்டு விழாவுக்குக் குண்டு மிஷின் போட்டி வைத்தார்கள். ஒரு வாரம் யார் வேண்டுமானாலும் ஆடலாம். கிளப் உறுப்பினர் என்றால் தொழிற்சாலை ஊழியர்தான். பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாம் அவருடைய உறுப்பினர் எண்ணில் அடக்கம். புதன்கிழமை அம்மா எடுத்த எண்ணிக்கையை அப்பாவின் எண்ணுக்கு நேரே எழுதிக்கொண்டார்கள். பக்கத்தில்கூட வேறு யாரும் வரவில்லை.

விழா மேடையில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா வெள்ளைச் சட்டையை இன் செய்துகொண்டு ஏறிப் போனார். அவர் அந்த மிஷினின் கம்பியை ஒரு தரம்கூட இழுத்ததில்லை. ஷீல்டைக் கொடுத்த அதிகாரி மைக்கில், தரப் பரிசோதனைக்காரரின் கை எவ்வளவு நிதானம் பாருங்கள் என்று சொன்னார். சபையே கை தட்டியது. பெண்கள் வரிசையில் என் பக்கத்தில் அம்மாவும் கை தட்டினாள். இதோ சொல்லப்போகிறார், இதோ சொல்லப்போகிறார் என்று அவள் முகம் மலர்ந்துகொண்டே இருந்தது. அப்பா மைக்கைப் பார்த்தார், சிரித்தார், நன்றி என்று சொன்னார், இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில், மேடையில் போய் என் பெண்டாட்டி ஆடினது என்று எப்படிச் சொல்வது என்றார். அம்மா வேகமாக முன்னால் நடந்தாள். அடுத்த புதன் அவள் கிளப்புக்கு ஒயரும் ஊசியும் எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவள் குண்டு மிஷினைத் தொடவே இல்லை. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பின்பால் சார் என்று பெயர் நிலைத்தது. ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டுப் பேசினவர்கள்கூட அதைச் சொன்னார்கள். சைனிக்புரியில் சொந்த வீடு கட்டிக் குடிபோனபோது ஷீல்டு ஹால் ஷோகேஸில் ஏறியது. அந்த வீட்டில் அம்மா தூசி தட்டாத ஒரே பொருள் அதுதான்.

அந்த மிஷின் நாச்சாரத்தில் என் கண்ணில் பட்டால் நான் என்ன செய்வேன்? கம்பெனிக்குக் கால்பந்து மேசையை அனுப்பிவிட்டு, எனக்கென்று குண்டு மிஷினை வாங்கி, ஒரு டெம்போவில் ஏற்றி சைனிக்புரிக்குக் கொண்டுபோய் இறக்கினேன்.

அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள். "ஏட்டி, இது நம்ம கிளப் மிஷின்லா!" என்று அலறினாள். தன் முந்தானையாலேயே கண்ணாடியைத் துடைத்தாள். ஆரஞ்சு, பச்சை, நீலம், மூவரும் வெளியே வந்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. இடுப்பில் கை வைத்து நின்று, "ஓடுமா?" என்று கேட்டாள்.

"அப்பா பார்த்தா ஓடும்."

"சரி, பாக்கச் சொல்லு. ஓடுனதும் அன்னைக்குக் கை தட்டுனவங்கள்ல யாரெல்லாம் இங்க இருக்காவளோ அத்தனை பேரையும் டீக்குக் கூப்பிடணும். அவங்க முன்னால நான் ஆடணும். ஆடுனது நான்தான்னு உங்கப்பா வாயால சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு."

அப்பா பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கேட்டது கேட்காத மாதிரி மிஷினின் பின்பலகையைத் தட்டிப் பார்த்து, "உள்ள எல்லாம் பழைய ரிலே சுவிட்சு. ஐசி சிப் ஒண்ணுகூட இருக்காது. நானே பாத்துரலாம்" என்றார். அவர் கண் மின்னியது. பழைய யூனிபார்ம் சட்டையை அன்று சாயங்காலமே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கார் ஷெட்டிலிருந்து என் பழைய காரை வெளியே தள்ளிவிட்டு மிஷினை உள்ளே கொண்டுபோனார்கள். ஓய்வு பெற்றபின் செய்தித்தாளில் அச்சுப்பிழை கண்டுபிடித்துப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்த மனிதருக்கு அது பெரிய வரமாக இருந்தது. மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டார். பூச்சி அரித்த ஒயர்களை மாற்றினார். கரி பிடித்த தொடுமுனைகளை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தார். எரிந்துபோன காயில்களை ஜீடிமெட்லாவில் ஒரு மோட்டார் பட்டறையில் கொடுத்துச் சுற்றி வாங்கினார். ரப்பர் வளையங்கள் மட்டும் இந்த ஊரில் கிடைக்கவில்லை. அப்போது வேலையாக அமெரிக்காவில் இருந்த என் கணவர் வாங்கி அனுப்பினார். மற்றவர்கள் மனைவிக்கு வாசனைத் திரவியம் அனுப்புகிற இடத்திலிருந்து எனக்கு ரப்பர் வந்தது.

ஞாயிறு தவறாமல் நான் மாதாபூரிலிருந்து ஊரைக் கடந்து போய்விடுவேன். அந்த ஷெட்டில் உட்கார்ந்தால் பழைய காலனி முழுக்கத் திரும்பி வரும். எந்த வீட்டில் முதலில் கலர் டிவி வந்தது, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது, பால் பூத்தில் யார் வரிசை தாண்டுவார்கள் என்று மூவரும் மாற்றி மாற்றிச் சொல்வோம். ஷீல்டு விஷயத்தை மட்டும் யாரும் எடுக்க மாட்டோம். அது நடுவில் இருந்தது, சுற்றிப் போனோம்.

ஒரு சண்டை வந்தது. அப்பா கையில் பிளேடை எடுத்துக்கொண்டு, புடவைகள் கண்ணாடிக்கு வெளிப்பக்கம்தான் இருக்கின்றன, சுரண்டினால் மிஷின் ஒரிஜினலாகிவிடும் என்றார். அம்மா பிளேடைப் பிடுங்கிக்கொண்டாள். "நக்கோ. ஒண்ணும் வேண்டாம். நாங்க ஆடும்போது புடவை கட்டிக்கிட்டுத்தான் அவளுகளும் கூட இருந்தாளுக" என்றாள். அம்மாவுக்குத் தெரிந்த ஹைதராபாத் பாஷையில் பாதி அந்த நக்கோதான். புடவை பிழைத்தது.

மிஷின் முதல் தடவை மணி அடித்த நாளில் அப்பா சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். அம்மாவைக் கூப்பிட்டார். நாங்கள் டீக்கு அழைத்தவர்கள் அடுத்த ஞாயிறு வருவதாக அதற்குள் சொல்லியிருந்தார்கள். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்தாள். முந்தானையைச் செருகினாள். கம்பியை இழுத்து விட்டாள்.

குண்டு மேலே போய், இரண்டு முட்டு முட்டி, நேரே வந்து ஓட்டையில் விழுந்தது. இரண்டாவது குண்டும் அப்படியே. மூன்றாவது குண்டை இடுப்பால் இடித்தாள். மிஷின் கோபித்துக்கொண்டு அணைந்தது.

பழக்கம் விட்டுப் போச்சு என்றாள். மறு நாளும் ஆடினாள். வார நடுவில் நான் போன் செய்தால் எடுத்ததும் முதல் வார்த்தை, இன்னைக்கும் ஆட்டம் வரலட்டி. குண்டு எங்கே திரும்பும் என்று அவள் நினைக்கிறாளோ அங்கே திரும்புவதில்லையாம். அப்பா ஒரு நாள், தெரியாமல்தான் சொன்னார், வாயிலிருந்து அது வந்துவிட்டது. "விடுளா. அன்னைக்கு ஏதோ லக்கு."

அம்மா எனக்குப் போன் போட்டாள். "அவங்களை வரவேண்டாம்னு சொல்லிரு. நான் நெசமாவே நல்லா ஆடுனேனாட்டி? இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

நான் ஆபீஸ் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக மனதுக்குள் வைத்திருந்த ஒன்று, அவள் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. மேடையில் வாய் திறக்காமல் ஒரு தரம் எடுத்துக்கொண்டார், இப்போது லக்கு என்ற ஒரு சொல்லால் மறுபடி எடுத்துக்கொண்டார் என்று அப்பா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. நீ ஆடினாய், நான் பார்த்தேன் என்று கத்தினேன். படியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரையும் வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை நான் போனபோது அம்மா ஷெட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீரைக் கொட்டினாள். தண்ணீர் வாசல் பக்கமாகச் சரிந்து ஓடியது. துடைப்பத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, கிளப்புல மழைத்தண்ணி உள்ள வந்தா எங்க போய்த் தேங்கும்?"

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. இடது சுவரோரம். மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் வலது பக்கம் ஓடுவோம். அந்த ஹால் முதலில் கேன்டீன்காரர்கள் பாத்திரம் கழுவுகிற இடமாக இருந்ததாம். தண்ணீர் வடிவதற்காகத் தரையையே இடது பக்கம் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். மிஷின் நின்றது அந்தச் சாய்வில்தான்.

அப்பா என்ன செய்திருந்தார்? தரப் பரிசோதனைக்காரர் என்ன செய்வாரோ அதைத்தான். மிஷினை நிறுத்தியதும் குறுக்கே மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்து, நாலு காலடித் திருகையும் திருகித் திருகி, குமிழி மயிரிழை பிசகாமல் நடுவில் வந்து நிற்கும்படி செய்திருந்தார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் காபியைத் தொடுவார். அவரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? இப்படி ஒரு மிஷினை நிறுத்துகிற முறையும் அதுதான். அவர் செய்ததில் தப்பே இல்லை. ஆனால் அம்மா கற்றுக்கொண்டது கோணல் மிஷினில். அவள் இடுப்பு கொடுத்த இடியெல்லாம் அந்தச் சாய்வுக்குக் கொடுத்தது.

அம்மா உள்ளே போய் அப்பாவிடம் சொன்னாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சரியா இருக்கறதைக் கெடுக்கச் சொல்லுதியா? மிஷின் கோணலா இருந்து எடுத்த ஸ்கோர்னா அது ஸ்கோரே இல்ல."

"எல்லாரும் அதே கோணல்லதான் ஆடுனாங்க. நீங்கதான் ஆடவே இல்ல."

இந்தப் பேச்சு அந்த வீட்டில் அப்பாவிடம் நேருக்கு நேர் முதல் தடவையாகப் பேசப்பட்டது. அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிறு காலையில் எழுந்து வந்தால் அப்பா ஷெட்டில் தரையோடு தரையாகப் படுத்திருந்தார். கையில் ஸ்பானர். மிஷினின் வலது பக்கக் காலடித் திருகுகளை உயர்த்திக்கொண்டிருந்தார். மேலே ரசமட்டத்தில் குமிழி ஓரத்துக்குப் போயிருந்தது. அப்படி ஒரு குமிழியை அவர் வாழ்நாளில் பாஸ் பண்ணியிருக்க மாட்டார். அம்மா மிஷின் மேல் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்போ?"

"இன்னும் ஒரு பொட்டு. ஆங். நிறுத்துங்க."

அம்மா ஒரு குண்டை விட்டாள். நான் பல் தேய்த்துவிட்டு வந்தேன், அது இன்னும் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மணிச்சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். புதன்கிழமை மதியம் வந்து என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்பா எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். குளிக்கப் போனார்.

நாலு மணிக்கு நாலு பேர் வந்தார்கள். எல்லோரும் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள். ஸ்டோர்ஸில் இருந்த சேலத்துக்காரர் ஒருவர், மற்ற மூவர் தெலுங்கர்கள். உஸ்மானியா பிஸ்கட்டும் டீயும் கொடுத்தோம். மிஷினைப் பார்த்ததும் ஆளுக்காள் தடவினார்கள். புடவைக்காரிகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எந்த ஷிப்டில் யார் யாரோடு கிளப்புக்கு ஓடினோம் என்று ஆரம்பித்து இருபது வயது குறைந்துபோனார்கள்.

சேலத்துக்காரர்தான் முதலில் சொன்னார். "பின்பால் சார், என்ன நிக்கறீங்க? ஒரு கை போடுங்க. சாம்பியன் ஆடி நாங்க பார்த்ததே இல்லையே."

அம்மா தட்டோடு வாசற்படியில் நின்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். அம்மா பக்கம் கையைக் காட்டினார்.

"நான் ஒருநாளும் இதை ஆடுனதில்ல. அந்த ஸ்கோர் இவ எடுத்தது. ஷீல்டு இவளுக்கு வரவேண்டியது. அன்னைக்கு மேடையில நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

 அம்மா தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் திகைத்துப் போவார்கள் என்று நான் காத்திருந்தேன்.

யாரும் திகைக்கவில்லை. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "அந்தரிக்கி தெலுசு சார்" என்றார்.

"ஹவ், ஆமா சார், எல்லாருக்கும் தெரியும்" என்றார் சேலத்துக்காரர். "அன்னைக்கு ராத்திரியே எங்க வீட்டுல சொல்லிட்டாங்க. லேடீஸ் எல்லாம் நேர்ல பார்த்தவங்கதானே. அதுக்குத்தானே சார் உங்களைப் பின்பால் சார்னு கூப்பிட்டோம்! உங்களுக்கு அது தெரியும்னுல்ல நினைச்சோம்."

அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. பழைய நண்பரின் தோளில் தட்டிக்கொண்டுதான் சொன்னார். அப்பா சிரிக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கம்தான் போயிற்று. இத்தனை வருஷம் பாராட்டு என்று சுமந்த பெயர், மாலையோடு வாங்கிக்கொண்ட பெயர், அத்தனையும் கேலி. அவர் கை மேசையில் எதையோ நேராக்கத் தேடியது, அங்கே நேராக்க எதுவும் இல்லை. அந்த வாரம் முழுக்க நான் வைத்திருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவர் மேல் பாவமாக இருந்தது.

அம்மா தட்டைத் திண்டின் மேல் வைத்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அவர்கள் நாலு பேரையும் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"தெரியுமா? தெரிஞ்சுமா ஒருத்தரும் சொல்லல?"

ஒருவர் காலி டீ கிளாஸை எடுத்து உறிஞ்சினார்.

"இத்தனை வருஷம் இவரைப் பாத்துச் சிரிச்சிருக்கீங்க. அதுக்குப் பதிலா ஒரே ஒரு தரம் என்னைப் பாத்துக் கை தட்டியிருக்கலாம்லா?"

சேலத்துக்காரர் கையிலிருந்த பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார். சிரித்தவர் தரையைப் பார்த்தார். அன்றைக்கு எப்படியும் எனக்குச் சந்தோஷம் வரும் என்று நான் நினைத்திருந்தேன். வந்தது வேறு. இவள் என்னவோ மறைக்கப்பட்டுவிட்டதாக நினைத்து இத்தனை வருஷம் வெந்திருக்கிறாள். எதுவும் மறைக்கப்படவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சொல்லுகிற அளவுக்கு அது ஒரு விஷயமாக யாருக்கும் படவில்லை, அவ்வளவுதான்.

அம்மா திரும்பினாள். மிஷினிடம் போனாள். முந்தானையைச் செருகினாள். கம்பியை இழுத்து விட்டாள். குண்டு மேலே பாய்ந்து, மணி அடிக்கத் தொடங்கியது. நாலு பேரும் எழுந்து நின்றார்கள். எங்கே நிற்பது, எங்கே பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்பா முன்னால் வந்தார். சட்டையை இழுத்து இன் செய்துகொண்டார். மேடையில் நிற்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்று, "முதல் பரிசு" என்று ஆரம்பித்து, அம்மாவின் பெயரைச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை ஏளா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அவள் பெயர் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. இன்னொரு தரம், தெருவுக்கே கேட்கிற மாதிரி, முழுப் பெயரையும் சொன்னார்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பால் மெல்ல ஒரு இடி இடித்தாள்.

"சத்தம் போடாதீங்க," என்றாள். "குண்டு ஓடிக்கிட்டிருக்கு."